புதிய வீட்டின் பிள்ளைகள்

கேப் டவுன் நகரைப் பற்றி வெளிவரும் படங்களில் பெரும்பாலும் மேசை மலை இருக்கும். உச்சியைச் சீவிவிட்டாற்போல் தட்டையாக நிற்கும் அந்த மலையையும், வெண்மணற் கடற்கரைகளையும், திராட்சைத் தோட்டங்களையும் காண்பதற்காகவே உல்லாசப் பயணிகள் தென்னாபிரிக்காவின் தென்கோடிக்குப் பறந்து வருகின்றார்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் என்-2 நெடுஞ்சாலையில் எதிர்ப்புறமாகத் திரும்பி, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிறிது தூரம் சென்றால் வேறோர் ஊர் வருகின்றது. சாலையோர வேலிக்கு அப்பால் தகரம், மரப்பலகை, பிளாஸ்ரிக் விரிப்பு, அவற்றின் மேல் பறந்துவிடாமலிருக்க வைத்த கற்களும் பழைய ரயர்களும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கொட்டில்கள். சுனாமிக்குப் பின்னர் நமது கரையோரங்களில் தற்காலிக முகாம்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் இங்கே நாற்பது ஆண்டுகளாக இது தற்காலிகமாகவே இருக்கின்றது.

ஊரின் பெயர் கயெலிட்ஷா. கோசா மொழியில் ‘புதிய வீடு’ என்று பொருள்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. 1983 ஆம் ஆண்டில் இந்த ஊரை அமைக்கப் போவதாக அறிவித்தது நிறவெறி அரசாங்கம். அக்காலத்தில் கறுப்பின ஆண்கள் அனுமதிப் பத்திரத்துடன் கேப் டவுனில் வேலை செய்யலாம். அவர்களுடைய மனைவி மக்களோ கிழக்கே பல நூறு கிலோமீற்றர் தொலைவிலிருந்த டிரான்ஸ்கை, சிஸ்கை ஒதுக்கிடங்களில்தான் வாழ வேண்டும். கணவனைத் தேடியும் வேலை தேடியும் வந்த பெண்கள் நகரின் ஓரத்தில் குரொஸ்ரோட்ஸ் என்னுமிடத்தில் குடிசை போட்டார்கள். பொலிசார் வந்து இடித்தார்கள். பெண்கள் மறுபடி கட்டினார்கள். 1970களின் பிற்பகுதியில் அந்தக் குடியிருப்பைக் காப்பதற்காகக் குழு அமைத்து முன்னின்றவர்கள் பெண்களே. அத்தகையவர்களை நகரத்தின் கண்ணில் படாத தூரத்துக்கு, ஏறத்தாழ முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த மணல் மேடுகளுக்கு அனுப்பிவிடும் எண்ணத்தில் உருவானதுதான் இந்தப் ‘புதிய வீடு’. 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கே 391,749 பேர் கணக்கிடப்பட்டார்கள்.

பெண்கள் அமைப்பு ஒன்றின் கூட்டத்துக்காக அண்மையில் கேப் டவுன் சென்றிருந்த எனக்கு, கூட்டம் முடிந்த மறுநாள் சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. மலைக்குப் போகும் கம்பித் தொட்டிலுக்கான வரிசையில் நிற்பதைவிட கயெலிட்ஷாவைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் அறிமுகமான ஒரு சுகாதாரப் பணியாளர் ஏற்பாடு செய்து தந்தார். நகரிலிருந்து புறப்பட்ட வான் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு பாட்டுச் சத்தத்துடன் பறந்தது. காசு பின் ஆசனத்திலிருந்து கை மாறிக் கை மாறி முன்னுக்குப் போக, மீதிச் சில்லறை அதே வழியாகத் திரும்பி வருகின்றது. ஒரு சதம் தவறவில்லை!

தரிப்பிடத்தில் எனக்காகக் காத்திருந்தவர் இருபத்து நான்கு வயது யுவதி. பின்னிய கூந்தல், கணுக்காலுக்கு மேலே மடித்த ஜீன்ஸ், கையில் ஒரு கொப்பி. என்னைக் கண்டதும் “வாருங்கள், மாமா” என்றார். திகைத்துவிட்டேன். கோசா மொழியில் தாயின் வயதொத்த பெண்களை ‘மாமா’ என்றுதான் மரியாதையாக அழைப்பார்களாம். எங்கள் ஊரில் அது அம்மாவின் சகோதரன் என்று நான் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நாள் முழுவதும் வேண்டுமென்றே ‘மாமா’ போட்டார். நான் அவரை ‘சிஸி’ என்று அழைத்தேன். அது அவர்களுடைய மொழியில் சகோதரி. அந்த அழைப்புப் பெயரே இக்கட்டுரைக்குப் போதும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

கடைத்தெரு வழியாக நடந்தோம். பழைய கப்பற் கொள்கலன்களை வெட்டிக் கதவு வைத்துச் சிகையலங்காரக் கடை, கைத்தொலைபேசி திருத்தும் கடை. வீதியோரத்தில் பெண்கள் விறகடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுகின்றார்கள். ஒரு பொதுக் குழாயடியில் வாளிகள் வரிசை. குழாயைச் சுற்றிய சேற்றில் சிறுவர்கள் பந்தடிக்கின்றார்கள். மழைக் காலமான ஜூன், ஜூலை மாதங்களில் கொட்டில்களுக்குள் வெள்ளம் வருமாம். கோடையில் காற்று அடித்தால் ஒரு கொட்டிலில் பற்றிய தீ ஒரு வரிசையையே கொண்டுபோகும். எங்கே போனாலும் காலடியில் மணல். சீமெந்து வீடுகளும் நல்ல பாடசாலைகளும் வங்கிகளும் இந்த ஊரில் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படமெடுக்க வருபவர்கள் அவற்றை எடுப்பதில்லை என்று சிஸி குறைப்பட்டார்.

சிஸி எச்.ஐ.வி. தொற்றுடன் பிறந்தவர். இந்த ஊரில் அதே நிலையிலுள்ள இளையோருக்கு வழிகாட்டுவது அவருடைய வேலை. அவருடைய கதை இந்த ஊரின் கதையோடு பின்னியிருக்கின்றது. ஆகவே ஊரின் கதையை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

1990களின் இறுதியில் தென்னாபிரிக்காவில் எயிட்ஸ் என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்கவே அஞ்சினார்கள். 1998 டிசம்பரில் டர்பன் நகரை அடுத்த குவாமாஷு என்னுமிடத்தில் குகு டிலாமினி என்ற பெண், தமக்குத் தொற்று இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னதற்காக அயலவர்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம் 10 ஆம் திகதி, கேப் டவுனில் ஸக்கி அஹ்மட்டும் அவருடைய தோழர்களும் ‘சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கம்’ ஒன்றைத் தொடங்கினார்கள். நோயை அடக்கி வைக்கும் மருந்து அப்போதே உலகில் இருந்தது. ஆனால் ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் செலவாகும். கொட்டிலில் வாழ்பவருக்கு அது மருந்து இல்லை என்பதற்குச் சமம். ஸக்கி அஹ்மட்டுக்கும் தொற்று இருந்தது. ஏழைகளுக்கு அரசாங்க வைத்தியசாலையில் கிடைக்கும் வரை தாமும் அந்த மருந்தைத் தொடுவதில்லை என்று உறுதிபூண்டு, 2003 வரை நோயோடு போராடினார்.

2001 பெப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்கு ஆண்டொன்றுக்கு 350 டொலர் விலையில் மருந்து தர முன்வந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் இந்தக் கயெலிட்ஷாவிலேயே, மாகாண சுகாதாரத் திணைக்களத்துடன் சேர்ந்து அந்த அமைப்பு நோயாளருக்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தென்னாபிரிக்காவில் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சிகிச்சை கிடைத்த முதல் இடம் இதுவே. கடிகாரம் இல்லாத ஆபிரிக்கர்கள் நேரத்துக்கு மருந்து எடுக்க மாட்டார்கள் என்று மேல்நாட்டுப் பெரிய அதிகாரிகள் சிலர் அப்போது சொல்லித் திரிந்தார்கள். 2002 ஜனவரியில் இயக்கத்தினர் பிரேசிலிலிருந்து மலிவு மருந்தைத் தாங்களே கொண்டுவந்தார்கள். 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம், தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுப் பரவாமல் தடுக்கும் மருந்தை எல்லா அரசாங்க வைத்தியசாலைகளிலும் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நெல்சன் மண்டேலா இங்கே வந்து, ‘எச்.ஐ.வி. பொசிட்டிவ்’ என்று பெரிதாக எழுதிய வெள்ளை ரீ-ஷேர்ட்டை அணிந்துகொண்டு நின்றார். அந்தப் படத்தை வாசகியர் பலரும் கண்டிருக்கலாம்.

அப்போதைய ஜனாதிபதி தாபோ ம்பெக்கியும் சுகாதார அமைச்சரும் நோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதானா என்றே சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாமதத்தால் 330,000க்கு மேற்பட்ட உயிர்கள் வீணாகின என்று ஹாவர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 இல் கணக்கிட்டார்கள்.

மருந்து வந்ததால் எல்லாம் மாறிவிடவில்லை. மண்டேலா வந்துபோய் ஓராண்டு கழிந்த 2003 டிசம்பரில், இதே ஊரில் லோர்னா ம்லோஃபானா என்ற இளந்தாய், தமக்குத் தொற்று உண்டு என்று சொன்ன பின்னர் வன்புணர்வு செய்தவர்களாலேயே அடித்துக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 21. இந்தப் பெயரைச் சொல்லும்போது சிஸி நடையை நிறுத்தினார்.

அக்காலத்தில் இங்கே சாவுக்குத் தயாராகிய தாய்மார் ‘நினைவுப் பெட்டி’ செய்து வைப்பார்கள். புகைப்படம், கடிதம், ஒரு துண்டுத் துணி, பிள்ளை பிறந்த நாளின் குறிப்பு என்று தாங்கள் போன பின்னர் பிள்ளை திறந்து பார்ப்பதற்கு ஒரு பெட்டி. 2002 இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் நினைவுப் பெட்டித் திட்டத்தினரும் ஜேன் சொலமன் என்ற ஓவியரும், சிகிச்சை பெறத் தொடங்கியிருந்த கயெலிட்ஷாப் பெண்கள் சிலருடன் இன்னொன்றைச் செய்தார்கள். ஆளுயரக் காகிதத்தில் ஒரு பெண் படுத்துக்கொள்வார்; மற்றவர் அவருடைய உடலின் விளிம்பைச் சுற்றிக் கோடு போடுவார். அந்த உருவத்துக்குள் கிருமி இருக்குமிடம், தழும்புகள், தமக்குப் பலம் தருவது எது என்பதையெல்லாம் அவரவரே வர்ணத்தில் தீட்டினார்கள். ஒவ்வோர் உருவத்தின் பின்னாலும் இன்னொருவரின் நிழலுருவமும் வரையப்பட்டிருக்கும். தாங்கி நிற்பவரின் உருவம் அது. அந்த ஓவியங்கள் அவர்களுடைய கதைகளுடன் 2003 இல் ‘லோங் லைஃப்’ என்ற நூலாக வந்தன. நீண்ட ஆயுள்! சாவுக்குப் பெட்டி செய்தவர்கள் ஓரிரு ஆண்டுக்குள் இந்தத் தலைப்புக்கு வந்து சேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாய்மாரின் காலத்துப் பிள்ளைகள்தான் இன்று வாலிபர்கள். சிஸி 2001 இல் கிழக்கு கேப் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். கேப் டவுனிலோ, 1999 முதலே கயெலிட்ஷாவில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கிராமத்தில் அது இல்லை. மருந்து எதுவும் எடுக்காத தாய்மாரில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரையிலான பிள்ளைகளுக்குத் தொற்றுப் பரவும் என்பது மருத்துவக் கணக்கு. அந்தக் கணக்கில் சிஸி அகப்பட்டுக்கொண்டார். மருந்து தேடித் தாய் பிள்ளையோடு கயெலிட்ஷாவுக்கு வந்து சேர்ந்தபோது நோய் முற்றியிருந்தது. தாய் போன பின்னர் பாட்டி வந்து பொறுப்பேற்றார். நான்கு வயதில் சிஸிக்கு மருந்து தொடங்கியது.

“எனக்கு நெஞ்சு வருத்தம், அதற்குத்தான் குளிசை என்று பாட்டி சொல்வார். பன்னிரண்டு வயதில் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் என்னுடைய குளிசையின் பெயரைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. பாட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரு வருடம் தெரியாதவர்கள் மாதிரி நடித்தோம்.”

இப்படி வளர்ந்தவர்கள் ஏராளம். பிள்ளைக்கு உண்மையைச் சொல்வது பெரியவர்களுக்குப் பெரும் பாரம். சொன்னால் தாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2011 இல், பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அறிவுக்கேற்பப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அறிவுறுத்தியது.

பதினாறு வயதில் சிஸி மருந்தை நிறுத்தினார். அக்காலத்துக் குளிசை இரவில் பயங்கரக் கனவுகளைத் தரும். ஒரே அறைக் கொட்டிலில் பாட்டி, மாமா (எங்கள் மாமா!), அவருடைய பிள்ளைகள் எல்லாரும் படுப்பார்கள். போத்தலை ஆட்டினால் குளிசை சத்தமிடும். அந்தச் சத்தத்தை இந்த ஊரில் எல்லாரும் அறிவார்கள். அதனால் பலர் போத்தலுக்குள் பஞ்சு அடைத்து வைப்பார்கள். இரவு எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் ‘ஜெனரேஷன்ஸ்’ நாடகம் தொடங்கும் நேரத்தில் மருந்து எடுக்கும்படி ஆலோசகர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் அந்த நேரத்தில் யாராவது எழுந்து வெளியே போனாலே மற்றவர்கள் பார்வையைப் பரிமாறிக்கொள்வார்களாம். அந்த வேளையில் ஒரு சிநேகிதனும் வந்து சேர்ந்தான். அவன் பார்த்துவிடுவான் என்ற பயம். குளிசைகளை மணலில் புதைத்தார். தவறவிட்ட திகதிக்குப் பிறகு ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனபோது, அங்கிருந்தவர்கள் வரிசையில் நின்ற அனைவருக்கும் கேட்கும்படி ஏசினார்கள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஏழெட்டு மாதத்தில் காசநோய் பிடித்துக்கொண்டது.

நோய் குறைந்து வைத்தியசாலையிலிருந்து வந்த சிஸியை, ஒரு தாதி சைட் சீ பகுதியிலுள்ள இளையோர் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினார். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கென்றே உள்ள நிலையம் அது. அயல்வீட்டு மாமியாரைச் சந்திக்கும் பயமில்லை. அங்கேதான் ஒரு ‘கிளப்’பில் சேர்ந்தார்.

இந்தக் கிளப் என்பதைச் சற்று விளக்க வேண்டும். 2007 இல் சைட் பீ பகுதியின் உபுண்டு சிகிச்சை நிலையத்தில் ஆரம்பித்த வழக்கம் இது. நோயாளர் தொகை பெருகி வைத்தியரும் தாதியரும் தத்தளித்த காலம். மருந்தை ஒழுங்காக எடுத்து உடல்நிலை சீராக இருப்பவர்களை முப்பது பேர் வரையான குழுக்களாகச் சேர்த்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். வைத்தியர் வேண்டியதில்லை, பயிற்சி பெற்ற ஒருவர் நிறை பார்ப்பார், இருமல் காய்ச்சல் உண்டா என்று விசாரிப்பார், பெயரெழுதிய பொதியில் மருந்தைக் கொடுப்பார். ஒரு மணித்தியாலத்துக்குள் வேலைக்குப் போய்விடலாம். நாற்பது மாதங்களின் பின்னர் பார்த்தபோது கிளப்பில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 97 பேர் சிகிச்சையில் நிலைத்திருந்தார்கள்; சேராதவர்களில் 85 பேர். நன்றாக எடுத்தவர்களைத்தான் சேர்த்தார்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் கிளப்பின் புண்ணியமல்ல. ஆயினும் நாடு முழுவதும் இம்முறை பரவியது.

இளையோருக்கு இதை மாற்றியமைத்தார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. பேச ஆள்தான் வேண்டும். நான் போன அன்று ஒரு சமூக மண்டபத்தில் சிஸியின் கிளப் கூடியது. பதினைந்து முதல் பத்தொன்பது வரை வயதுடையவர்கள். வெளியூர் மாமா ஒருவர் பின்னால் உட்காரலாமா என்று சிஸி கேட்டதற்கு, ஒரு பையன் என்னை நன்றாக ஆராய்ந்துவிட்டு, “படம் எடுக்கக் கூடாது, பாட்டுப் பாடச் சொல்லக் கூடாது” என்று நிபந்தனை விதித்தான். முன்பு வந்த வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு தடவையும் பாடச் சொன்னார்களாம்.

அன்றைய வாதம், காதலிப்பவரிடம் எப்போது சொல்வது என்பதைப் பற்றியது. “முதல் நாளே சொல்ல வேண்டும், ஓடுகிறவன் அன்றைக்கே ஓடட்டும்” என்றாள் ஒரு பெண். “அவன் ஓடிப்போய்ப் பாடசாலை முழுவதும் சொல்வானே?” என்றாள் அடுத்தவள். “குளிசையை ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் கிருமி காணமுடியாத நிலைக்கு வந்துவிட்டால் உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. பிறகு எதற்குச் சொல்ல?” என்று ஒரு பையன் சட்டத்தரணி போல எழுந்து நின்று கேட்டான். அவன் சொன்ன மருத்துவ உண்மை சரிதான். அதற்கு முதற் பெண் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. “தொற்றுமா இல்லையா என்று நான் பேசவில்லை. கல்யாணம் கட்டி எத்தனை வருடம் நீ கழிப்பறைக்குள் நின்று குளிசை விழுங்கப் போகிறாய்?” மண்டபம் சிரிப்பால் அதிர்ந்தது. தீர்ப்பு எதுவும் வழங்கப்படவில்லை. சிஸியும் முடிவு சொல்லவில்லை. சொல்வதானால் யாரிடம், எங்கே, பக்கத்தில் யாரை வைத்துக்கொண்டு சொல்வது என்று மட்டும் கேட்டுக் கேட்டு அவர்களையே யோசிக்க வைத்தார். லோர்னாவின் பெயரை அவர் அங்கே எடுக்கவில்லை.

பிறகு சூப்பும் பாணும். மருந்து கொடுக்கும் நேரம் வந்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். வாசற்படியில் சிஸியின் பாட்டி பெரிய பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். சூப் அவருடைய கைவண்ணம். முதியோர் கொடுப்பனவில் ஒரு பங்கு இதற்குப் போகின்றதாம்.

அந்தச் சூப்பைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கயெலிட்ஷா மக்களில் பெரும்பாலோரின் சொந்த மாகாணமான கிழக்கு கேப்பில், தொற்றுள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட இளையோரை லூசி குளுவர் என்ற ஆய்வாளரின் குழுவினர் தேடிச்சென்று விசாரித்தார்கள். 2016 இல் வெளியான அவர்களுடைய முடிவு மூன்று விடயங்களைப் பார்த்தது: நாளுக்கு இரண்டு வேளையாவது சாப்பாடு, வீட்டில் கவனிக்கும் பெரியவர், சேர்ந்து கூடும் குழு. மூன்றும் இல்லாத பிள்ளைகளில் நூற்றுக்கு 54 பேர் மருந்தைத் தவறவிட்டார்கள். மூன்றும் உள்ளவர்களில் 18 பேர் மட்டுமே. குளிசை இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

‘இந்தப் பிள்ளைகளின் மனவலிமையே வலிமை’ என்று எழுதுவது சுலபம். நானும் அப்படி எழுதும் எண்ணத்துடனேயே வந்தேன். பதினாறு வயதில் குளிசையை மணலில் புதைத்தபோதும் சிஸியிடம் மனவலிமை இருந்திருக்கும். ஏசாத ஒரு தாதி, பயமின்றி நுழையக்கூடிய ஒரு வாசல், பானையோடு ஒரு பாட்டி ஆகியோர் வரிசையாக நின்றபோதுதான் அது பயன்பட்டது. ஓவியத்தில் பின்னால் நின்ற அந்த நிழலுருவத்தை வரைந்த பெண்கள் இதை எங்களுக்கெல்லாம் முன்பே அறிந்திருந்தார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வரிசை இன்னும் தேவை. பதினைந்து முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ளோரில், தொற்றுள்ள பெண்களின் விகிதம் அதே வயது ஆண்களினதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. வயதில் மூத்த ஆண்கள் தரும் பஸ் காசு, கைத்தொலைபேசி, இரவுச் சாப்பாடு என்பவற்றுக்குப் பின்னாலிருக்கும் பேரத்தை வாசகியருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது இந்த வரிசையில் ஆட்கள் குறைந்துகொண்டிருக்கின்றார்கள். எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு இருபதாண்டுப் பணியை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு 2020 இல் இங்கிருந்து விடைபெற்றது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. தென்னாபிரிக்கா தனது மருந்துகளில் பெரும்பகுதியைத் தன் சொந்தப் பணத்திலேயே வாங்குகின்றது. ஆகவே குளிசை நின்றுவிடவில்லை. அமெரிக்கப் பணம் சம்பளமாகப் போனது ஆலோசகர்களுக்கும், வீடு வீடாகத் தேடிச் செல்பவர்களுக்கும், கணக்குக் கொப்பி எழுதுபவர்களுக்குமே. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். சிஸியும் அவர்களில் ஒருவர். பெப்ரவரியில் ஒரு கைத்தொலைபேசிச் செய்தி வந்தது, அவ்வளவுதான். இப்போது வாரநாட்களில் ஒரு சிகையலங்காரக் கடையில் கூந்தல் பின்னுகின்றார். கிளப்பைச் சம்பளமின்றி நடத்துகின்றார்.

“எவ்வளவு காலத்துக்கு இப்படிச் செய்ய முடியும்?” என்று கேட்டேன்.

“தெரியாது, மாமா. பாட்டிக்கு எழுபத்து மூன்று வயது” என்றார். சூப்பைப் பற்றித்தான் சொல்கின்றார் என்று எனக்குச் சற்றுப் பிந்தியே விளங்கியது.

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் மருந்துப் பொதியைப் புத்தகப் பைக்குள் ஆழமாகச் செருகி, மேலே ஒரு சட்டையைச் சுருட்டி வைத்துக்கொண்டு போனார்கள். மேசையில் ஒரு பொதி மிஞ்சியது. சிஸி கொப்பியைத் திறந்து வரவுப் பட்டியலில் விரலை ஓட்டினார். பதினேழு வயதுப் பையன் ஒருவன். போன முறையும் இரண்டு நாள் பிந்தியே வந்தவன். தொலைபேசியில் அழைத்தார். மணி அடிக்கவில்லை. பொதியைத் தாதியிடம் திருப்பிக் கொடுத்து, அதன் மேல் திங்கட்கிழமை வரை வைத்திருக்கும்படி எழுதுவித்தார்.

முன்பு இப்படியான வேளையில் வாகனம் ஒன்று இருந்தது. இப்போது நடைதான். அந்தப் பையனின் கொட்டில் மணல் மேட்டுக்கு அப்பால், அரை மணித்தியாலத் தூரமாம். இருட்ட முன் போய்த் திரும்ப வேண்டும் என்று சொல்லி என்னை வான் தரிப்பிடத்தில் ஏற்றிவிட்டார். வாசலில் எந்தக் காரணமும் சொல்லாமல், ‘சூப் மிஞ்சிவிட்டது, கொண்டுவந்தேன்’ என்று சொல்லித்தான் கதவைத் தட்டுவாராம். கையில் மூடி போட்ட ஒரு சிறு வாளி இருந்தது. வான் திரும்பியபோது, பாதணிகளைக் கழற்றி மறு கையில் பிடித்துக்கொண்டு அவர் மணலில் ஏறத் தொடங்கியிருந்தார்.